அம்மா என்றால் 'தே'

"மை மதர் ஆர் வொர்க்கிங் இன் பிறை," என்றாள் லோகேஸ்வரி. "தே வேக் அப் வெரி எர்லி."

ஐந்தாம் படிவத்தின், அதாவது பள்ளியிறுதி ஆண்டின், ஆங்கில வகுப்பு. இடைவேளைக்கு முந்திய பாடம் என்பதால் கேன்டீனில் நெத்திலி பொரிக்கும் வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பாதிப் பேருக்குக் கவனம் அங்கேதான். பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சியாக, 'நீ மதிக்கும் ஒருவர்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருந்தேன்.

"தே டேக் ஃபேக்டரி பஸ்," என்று தொடர்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து தினேஷின் குரல் வந்தது. "தே ஓவா, தே தாரிக்கா?"

கடல் தாண்டி இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறை என்பது எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போகும் தொழிற்சாலை ஊர். எங்கள் பினாங்கில் தேநீருக்குப் பெயரே 'தே'தான். பால் இல்லாமல் குடித்தால் தே ஓ, பால் ஊற்றி இழுத்து ஆற்றினால் தே தாரிக். ஆகவே வகுப்பே சிரித்தது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்கு மட்டும் எங்கள் நாட்டில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

லோகேஸ்வரி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லோகெஸ், அம்மாவோடு வேறு யார் எழுந்திருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நோபடி, டீச்சர். மை மதர் ஒன்லி."

"அப்படியென்றால் ஏன் தே?"

என்னை ஏதோ வேற்று ஊர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பிகாஸ் தே இஸ் மை மதர், டீச்சர்."

மணி அடித்தது. நெத்திலியை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் இலக்கணம் எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது என்று எண்ணுவதைவிட, அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிச்சயம்தான் எனக்கு வியப்பாக இருந்தது.

கேன்டீனில் ஒரு விசாரணை

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழையைத் திருத்துவதற்கு முன்னால் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்த்தாக வேண்டும். வீட்டில் குழாய் ஒழுகினாலும் பிளம்பரைக் கூப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன் என்பது என் கணவரின் நிரந்தரப் புகார்.

எனவே கேன்டீனுக்குப் போய் என் தட்டோடு லோகேஸ்வரியின் எதிரே உட்கார்ந்தேன். அவள் மீ கோரிங் என்னும் வறுத்த நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பாவை இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லுவ?"

"ஹீ."

"அப்பாவுக்கு மரியாதை வேணாமா?"

"அவரு தானே டீச்சர். அவருன்னா ஹீ தானே?"

"நம்ம பிரின்சிபல்?" எங்கள் பள்ளி முதல்வர் ஒரு பெண்.

"தே."

"காலையில கூட்டற அக்கா?"

"தே. அவங்களும் பெரியவங்கதானே?"

"அப்ப ஷீங்கிறது யாரு?"

கொஞ்சம் யோசித்தாள். "என் தங்கச்சி. எங்க வீட்டுப் பூனை. அப்புறம்..." இங்கே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாடகத்துல மருமகள கொடுமை பண்ணுதே, அது."

தங்கை, பூனை, வில்லி. ஆங்கிலேயர்கள் தங்கள் ராணிக்கே பயன்படுத்திய சொல்லை இந்தப் பெண் தன் உலகத்தில் இந்த மூவருக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஒழுங்கே இல்லாத பிழை என்று நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் துடைத்துக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள்.

"பரீட்சையில தேன்னு சொன்னா மார்க் போயிடுமா டீச்சர்?"

"போகும்."

மீயைக் கிளறுவதை நிறுத்தினாள். தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவள் மூன்றாம் படிவத்திலிருந்தே சொல்லிவருவது. அவள் கேட்கும் கல்லூரியில் ஆங்கிலத்தில் கிரெடிட் என்கிற நல்ல தேர்ச்சி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எழுத்தில் அவள் கரையேறிவிடுவாள். பேச்சுதான் கவிழ்த்துவிடும் போலிருந்தது.

"கிரெடிட் இல்லன்னா அம்மாகூட ஃபேக்டரி பஸ்தான். சூப்பர்வைசர்கிட்ட அம்மா சொல்லி வச்சிட்டாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு." இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரலாம் என்பதுபோல் சொன்னாள்.

ஹீ அவன், அவர்

'அவருன்னா ஹீ' என்று அவ்வளவு உறுதியாக எங்கே படித்தாள்? கேட்டதும் தலையை ஆட்டி ஆட்டி ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"ஹீ அவன், அவர். ஷீ அவள். இட் அது. தே அவர்கள்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அதே ராகம். அதே இடத்தில் மூச்சு. லோகேஸ்வரி ஜெலுத்தோங்கில் மலிவுவிலை அடுக்குமாடியில் வளர்ந்தவள். நான் பாலிக் புலாவ் பக்கம், சாதிக்காய் காயப்போட்ட முற்றங்களைத் தாண்டித் தமிழ்ப்பள்ளிக்கு நடந்தவள். எங்களுக்கிடையில் ஒரு தலைமுறையும் ஒரு மலையும் இருக்கின்றன. ஆனாலும் ராகம் மாறவில்லை. எங்கள் ஆசிரியர் மேசையில் பிரம்பால் தாளம் போடுவார். 'ஷீ அவள்' என்னுமிடத்தில் தாளம் சற்றுச் சீக்கிரம் விழும். சொல்வதற்கு ஒரே சொல்தானே இருந்தது.

அதை எத்தனை தடவை பாடியிருப்பேன்! அப்போது காதில் விழாத ஒன்று அன்று கேன்டீன் இரைச்சலில் விழுந்தது. ஹீக்கு அவன், அவர் என்று இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஷீக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் தரையில் போட்ட பாய்.

எழுத்துத் தமிழில் அவர் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இலக்கணம் தாராளமாகத்தான் இருக்கிறது. பேச்சில் அவரு என்றதும் நாம் ஆண்பிள்ளையைத்தான் நினைத்துக்கொள்கிறோம். பெண்ணை மதிக்க வேண்டுமென்றால் அவங்க என்கிறோம். அவங்க என்றால் அவர்கள். அவர்கள் என்றால் தே. லோகேஸ்வரியின் கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை.

பாட்டைக் கட்டியவர் யாரோ எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார். தாளத்துக்கு இடம் போதாமல் பெண்களின் மரியாதையை இறக்கிவிட்டுப் போயிருப்பார். அதனால் ஒரு மகள் பரீட்சையில் தடுக்கி விழப்போகிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று அம்மாக்கள்

ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை ரொஹானாவுடையது. அவரும் ஆங்கில ஆசிரியைதான், மலாய்க்காரர். கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "என் வகுப்பு மலாய்ப் பிள்ளைகள் அம்மாவை ஹீ என்கிறார்கள், தெரியுமா?" என்றார். மலாய் மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'டியா' என்ற ஒரே சொல்தான். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. சீனப் பிள்ளைகளுக்கும் காதால் கேட்க ஒரே 'தா'தான். அவர்கள் வீட்டிலும் அம்மா பாதி நாள் ஹீ.

ஒரே வகுப்பில் மூன்று வாசல் வழியாக மூன்று அம்மாக்கள் வருகிறார்கள். இரண்டு பேர் ஆணாக மாறி வருகிறார்கள். எங்கள் ஆள் மட்டும் பன்மையாகி, கூட்டமாக வந்து நிற்கிறார். இதையெல்லாம் ஒரே சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுப் போகச் சொல்கிறது பாடத்திட்டம்.

இந்த மூன்று வாசலிலும் நுழையாத பிள்ளைகளும் உண்டு. நிஷாவைப்போல. வசதியானவர்கள் வாழும் புலாவ் திக்கூஸில் வீடு. அம்மா வழக்கறிஞர். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதும் ஆங்கிலத்தில்தான், திட்டுவதும் ஆங்கிலத்தில்தான். அவள் வாயில் ஷீ வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அந்தப் பெண் தமிழ் பேசிக் கேட்க வேண்டும். உலகத்தில் உள்ள உயிர்கள் அத்தனையும் அவளுக்கு அஃறிணைதான்.

"டீச்சர், பிரின்சிபல் உங்கள தேடுச்சு," என்பாள். "எங்க அப்பா நேத்து கே.எல். போச்சு."

இதைக் கேட்டு ஆசிரியர் அறையே குழைந்துபோகும். "என்ன அழகா மழலை பேசுது பாரு!" என்பார்கள். அதே அறையில்தான் லோகேஸ்வரியின் 'தே'யைச் சொல்லி, "இன்னும் இதுகூட வரலையா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இருவரும் தடுக்கி விழுவது அவன், அவள், அவர் என்கிற அதே படியில்தான். வசதியான வீட்டுப் பிள்ளை விழுந்தால் ரசிக்கிறோம், அடுக்குமாடிப் பிள்ளை விழுந்தால் தலையில் அடித்துக்கொள்கிறோம். எனக்கு இது ரொம்பக் கோபம் வருகிற விஷயம். அதனால் மேலே போகிறேன்.

ஆம்பளயப் பத்திப் பேசு

பயிற்சி தொடங்கினோம். பேச்சுத் தேர்வுக்கு இருவர் இருவராக உள்ளே போக வேண்டும். லோகேஸ்வரிக்கு ஜோடியாக நிஷாவைப் போட்டேன். இரண்டு பேரும் அதுவரை ஒருவரோடொருவர் அதிகம் பேசியதில்லை. ஒருத்தி பள்ளிப் பேருந்திலும் மற்றவள் அப்பாவின் காரிலும் வருகிறவர்கள், வேறெங்கே சந்திப்பார்கள்?

"ஷீ சொல்லு லா லோகெஸ். ஜஸ்ட் ஷீ," என்பாள் நிஷா, எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு. "எங்க அம்மாவ நான் டெய்லி ஷீன்னுதான் சொல்றேன். அது கோவிச்சுக்காது."

"உனக்கு அது ஷீ. எனக்குக் காதுல அவள்னு கேக்குது. அம்மாவ எப்படி அவ இவன்னு சொல்றது?"

சொல்லிப் பார்த்தாள். 'மை மதர்' வரை குரல் நன்றாக வரும். ஷீ வந்ததும் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்ததுபோல் இறங்கிவிடும். அடுத்த வாக்கியத்திலேயே தே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரொஹானா ஒரு யோசனை சொன்னார். மலாய் வீடுகளில் அம்மாவை 'டியா' என்றுகூடச் சொல்லத் தயங்குவார்களாம், 'மாக்' 'மாக்' என்று பெயர்ச்சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். அப்படிச் செய்து பார்த்தோம். மை மதர், மை மதர், மை மதர். நிஷா கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். "அம்மாவ விட்டுடு. யாராவது ஆம்பளயப் பத்திப் பேசு. அப்பா, மாமா, யாரா இருந்தாலும் சரி. ஹீன்னா உனக்குப் பிரச்சினையே இல்லையே?"

பிரச்சினையே இல்லைதான். பிறையில் லாரி ஓட்டும் மாமாவைப் பற்றிப் பிழையில்லாமல் பேசினாள். ஹீ டிரைவ்ஸ், ஹீ ஈட்ஸ், ஹீ ஸ்லீப்ஸ். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மாமாவைப் பற்றி மேற்கொண்டு ஒன்றுமே தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. அவளுக்கும் அப்படித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு பெண் தேர்வில் தேற வேண்டுமானால் பெண்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது என்று நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போதுதான் உறைத்தது. ஆனாலும் கிரெடிட் முக்கியம். மாமாவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தினேஷைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவனை வெறும் வம்புக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அவனுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், கணினி விளையாட்டில் யார் யாரோடோ சரளமாகப் பேசுகிறவன். வகுப்பில் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். ஏன் என்று ஒருநாள் மடக்கிக் கேட்டேன். "இங்கிலீஷ்ல பேசுனா பசங்க பொண்ணுன்னு ஓட்டுவானுங்க டீச்சர்," என்றான். பெண்ணை மதிக்கப் போய் ஒருத்தி 'தே'யில் மாட்டிக்கொண்டாள். பெண் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில் இவன் ஊமையாகிவிட்டான். இருவருக்கும் அன்று நான்தான் ஆங்கில ஆசிரியை.

கதவுக்கு வெளியே

தேர்வன்று சொந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கு உள்ளே வேலை இல்லை. வேறு பள்ளியிலிருந்து வந்த மலாய்ப் பெண்மணி ஒருவர்தான் கேள்வி கேட்டார். நான் நடைபாதையில், சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு நின்றேன். டெங்கி ஒழிப்புப் பற்றி அன்று நான் தெரிந்துகொண்டதை எந்தக் கொசுவும் விரும்பாது.

கதவு திறந்தது. லோகேஸ்வரி நேராகக் குடிநீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். நிஷாதான் என்னிடம் ஓடி வந்தாள். பரபரப்பில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது.

"டீச்சர், கார்டுல என்னா வந்துச்சு தெரியுமா? 'உன்ன பார்த்துக்கற ஒருத்தர்'. லோகெஸ் அந்த அங்கிள சொல்லல. அம்மாவ சொல்லுச்சு!"

"ஐயோ."

"ஃபர்ஸ்ட்டே தேன்னு சொல்லிடுச்சு. எக்ஸாமினர் கேட்டுச்சு, 'தே? ஹூ எல்ஸ்?'ன்னு. லோகெஸ் அப்படியே நிப்பாட்டிடுச்சு. ஓகே, முடிஞ்சது லான்னு நெனச்சேன்."

அதன் பிறகு லோகேஸ்வரி சொன்னதை நிஷா ஆங்கிலத்தில் அப்படியே திருப்பிச் சொன்னாள். அதை எழுத்து மாறாமல் என் மனத்தில் வைத்திருக்கிறேன்.

"சாரி, மேடம். ஒன்லி மை மதர். இன் தமிழ் வீ சே தே, பிகாஸ் ரெஸ்பெக்ட். இன் இங்லிஷ் ஐ மஸ்ட் சே ஷீ. சோ ஐ வில் சே ஷீ. பட், மேடம், ப்ளீஸ் ஹியர் தே."

நான் ஷீ என்றே சொல்கிறேன், நீங்கள் மட்டும் தே என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே அது தோன்றியிருக்காது.

"அந்த மேடம் பேனாவ கீழ வச்சிடுச்சு டீச்சர். அப்புறம் 'கோ ஆன்'ன்னு சொல்லுச்சு."

அதற்குப் பிறகு கடைசிவரை ஷீதானாம். ஷீ வெள்ளை அங்கி போட்டு முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்கிறார். ஷீ வீட்டுக்கு வந்தபிறகும் முகமூடியின் கோடு கன்னத்தில் அழியாமல் இருக்கிறது. ஷீ பேருந்தில் பாலம் தாண்டும்போது கடலைப் பார்ப்பதே இல்லை, உட்கார்ந்தபடி தூங்கிவிடுகிறார். குரல் இறங்கவே இல்லையாம்.

"அப்புறம் டிஸ்கஷன்ல நான் லோகெஸ் அம்மாவ ஷீன்னு சொல்லணும், டீச்சர். எனக்கே வாய் வரல," என்றாள் நிஷா.

மார்க் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணிக்குப் பிடித்திருக்கலாம், பிடித்தவற்றுக்கெல்லாம் மார்க் போட அவருக்கும் அனுமதி இருக்காது. குழாயடியில் லோகேஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் அருகில் போகவில்லை.

வந்துச்சு, வந்தாங்க

தேர்வு முடிவு வந்த நாளில் பள்ளி மண்டபம் சந்தைபோல் இருந்தது. ஒரு பக்கம் அலறல், ஒரு பக்கம் அழுகை, நடுவில் படம் எடுத்துக்கொள்ளும் பெற்றோர்.

நிஷாவுக்கு ஏ. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. லோகேஸ்வரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆங்கிலம் என்ற வரியின்மேல் விரலை வைத்து நீட்டினாள்.

கிரெடிட்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஆசிரியர்கள் அழக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதனால் அழுதேன்.

"தே ஓ ஐஸ் ஒன்னு! நான் பெலாஞ்சா!" என்று கத்தினான் தினேஷ். பெலாஞ்சா என்றால் செலவு அவனுடையது என்று பொருள். அது மன்னிப்பா, வாழ்த்தா, பழைய கிண்டலின் மிச்சமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லோகேஸ்வரி, "ரெண்டு வாங்கு லா. அம்மா வர்றாங்க," என்றாள்.

நிஷா அதற்குள் படியில் ஏறி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்து இரவு வேலை முடிந்து ஒரு பெண்மணி நீலச் சட்டையோடு வெளிவாசலில் நுழைந்துகொண்டிருந்தார். கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. இத்தனை கூட்டத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கைப்பையை இறுக்கிக்கொண்டு ஓரமாக நடந்தார். கன்னத்தில் அந்தக் கோடு இருந்தது.

"லோகெஸ்! உங்க அம்மா வந்துச்சு!" என்றாள் நிஷா.

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

"வந்தாங்க! வந்தாங்க!"

அந்தச் சத்தம் வாசல்வரை போயிற்று. லோகேஸ்வரியின் அம்மா சட்டென்று நின்றார். யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று நினைத்து, வழிவிட ஒதுங்கி நின்று, திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்தார்.

பின்னால் ஒருவரும் இல்லை.

லோகேஸ்வரி ஓடினாள்.

"உங்களத்தாம்மா," என்றாள்.